செஞ்சோற்றுக்கடனும் காற்பந்தாட்டமும்

கூலிம் ஹைடெக் பூங்காவில் இரவு ஷிப்டு முடிந்து வெளிவரும் நம் இளைஞர்கள், வீடு திரும்புமுன் தேநீர்க்கடையிற் சிறிது நேரம் தங்கிப் பேசுவது வழக்கம். அப்பேச்சில் வீட்டு வாடகை வரும். மேலதிகாரியின் கடுஞ்சொல் வரும். ஊர்த் திருவிழா வரும். எங்கே தொடங்கினாலும் முடிவில் அது காற்பந்தில் வந்து நிற்கும். காற்பந்தில் வந்து நின்றால், அணியை விட்டுப் போன ஆட்டக்காரரைப் பற்றிய தீர்ப்பில் வந்து முடியும். அத்தீர்ப்பிற் பயிலும் சொற்கள் மூன்று: நன்றி கெட்டவன், பணப்பேய், துரோகி.

இம்மூன்று சொற்களின் சூடு ஆறுமுன்னரே அதே மேசையில் வேறொரு பேச்சு எழும். எந்த ஆலையில் ஷிப்டு அலவன்ஸ் ஐம்பது வெள்ளி கூடுதல்? எங்கே ஆள் எடுக்கிறார்கள்? சென்ற மாதம் வேலை மாறினவருக்கு எவ்வளவு ஏற்றம்? இங்கே எவரும் எவரையும் துரோகி என்பதில்லை. "பிழைக்கத் தெரிந்தவர்" என்று பாராட்டுகின்றனர். செயல் ஒன்று, அதற்குப் பெயர் மட்டும் இரண்டு. ஆலையை மாற்றினால் முன்னேற்றம், அணியை மாற்றினால் துரோகம் என்பது எந்த அளவுகோலால் அளந்து கண்ட முடிவு?

விளையாட்டைப் பற்றிய வீண்பேச்சுத்தானே, இதற்கு ஓர் ஆராய்ச்சியா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு சமூகம் உழைப்பையும் கூலியையும் நன்றியையும் பற்றி மெய்யாகவே என்ன எண்ணுகிறது என்பது மேடையிற் பேசும் பேச்சில் வெளிப்படுவதில்லை. காவலின்றிப் பேசும் இத்தகைய பேச்சிலேதான் வெளிப்படுகிறது. ஆதலின், நம் நாவில் எளிதில் வந்துவிடும் அந்த மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாக எடுத்து உரைத்துப் பார்ப்போம்.

வழக்கின் வரலாறு

முதலில் இரசிகர் பக்கத்து நியாயத்தைக் கூறிவிடுதல் முறை. கெடா அணி எளிய அணியன்று. 1990, 1993, 2007, 2008, 2016 ஆகிய ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தை வென்ற அணி அது. 2006-07 பருவத்திலும், அதனையடுத்த 2007-08 பருவத்திலும் லீக் பட்டம், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வென்று, அரிய சாதனை ஒன்றை இருமுறை நிகழ்த்திக் காட்டியது. கூலிமிலிருந்து அலோர் ஸ்டார் டாருல் அமான் அரங்கத்திற்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பினாங்கோ கைக்கெட்டும் தொலைவு. இருந்தும் பச்சை மஞ்சள் சட்டையணிந்து வடக்கே செல்லும் நம்மவர் உண்டு. ஆட்டம் முடிந்து நள்ளிரவு தாண்டி வீடு சேர்ந்து, கண்ணயராமலே காலை ஷிப்டுக்குச் செல்பவரும் உண்டு. இதற்காக அவர்க்கு ஒருவரும் ஒரு காசு கொடுப்பதில்லை. அவரே நுழைவுச்சீட்டுக்குக் கொடுக்கிறார். இவ்வன்பை நகைப்பது அறிவுடைமையாகாது.

இப்படி அன்பு செலுத்துகிறவர்க்கு, பத்தாண்டுக்கு மேற்பட்டுக் கெடாவின் நடுக்களத்தை ஆண்ட பட்ரோல் பக்தியார் 2021ஆம் ஆண்டுப் பருவத்திற்குச் சபா அணியின் சட்டையில் தோன்றியபோது நெஞ்சு வலித்ததில் வியப்பில்லை. 2016இல் கிண்ணம் வென்ற அணியில் இருந்தவர். கெடா மண்ணில் வளர்ந்தவர். ஒரு வீட்டுப்பிள்ளை வேறு வீட்டிற்குப் போனது போன்ற வருத்தம் இரசிகர்க்கு உண்டாயிற்று. மலேசியாவில் அணி என்பது மாநிலத்தின் பெயர் தாங்கியது. அதனால் இங்கே அணிமாற்றம் வேலை மாற்றமாகத் தோன்றாமல் ஊரைத் துறந்ததாகத் தோன்றுகிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதன் பின் வந்த ஆண்டுகளில் கெடாக் கழகத்தின் சம்பள பாக்கி நாடறிந்த செய்தியாயிற்று. 2024-25 பருவத்தில் அதன் பொருட்டு அணியின் புள்ளிகள் குறைக்கப்பட்டன. 2025-26 பருவத்திற்குத் தேசிய உரிமம் கிடைக்காமையால், கெடா டாருல் அமான் கழகம் சூப்பர் லீக்கில் ஆடவே இயலாமற் போயிற்று. 2012இல் மூன்று பட்டங்களையும் ஒருங்கே வென்ற கிளந்தான், 2024இல் இதே போல உரிமமின்றி நின்றது. எதிரியின் பந்தால் வீழாத அணிகள் தம் கணக்கேட்டால் வீழ்ந்தன. நாம் எடுத்துக்கொண்ட மூன்று சொற்களையும் இந்த உண்மையை முன்வைத்தே ஆராய வேண்டும்.

நன்றி கெட்டவன்

நன்றி என்பது தமிழர்க்குப் பெரிய சொல். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அவர் கூறியது செய்ந்நன்றி. அதாவது ஒருவர் கைம்மாறு கருதாமற் செய்த உதவியை மறவாமை. உழைப்பிற்குக் கொடுத்த கூலி உதவியாகுமா? மாதம் முழுதும் உழைத்தவர்க்கு மாதக் கடைசியிற் கொடுக்கும் பணம் கொடையன்று. அவருடைய பொருளையே அவர்க்குக் கொடுப்பது. அதற்கு நன்றி எதிர்பார்ப்பவர், கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வள்ளல் என்று பட்டம் கேட்பவரை ஒப்பர்.

இந்தக் குழப்பம் நம்மவர்க்கு எங்கிருந்து வந்தது? தோட்டத்திலிருந்து வந்தது என்றே நாம் கருதுகிறோம். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்ற பழமொழியை நம் பாட்டன்மார் செவியில் ஓயாமல் ஓதியவர் யார்? முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றிய கங்காணியும், அவருக்கு மேலிருந்த துரையும். அந்த உப்பு எவர் வியர்வையில் விளைந்தது என்று கேட்க அன்று நாதியில்லை. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்திற்குச் சென்றவனை "ஓடிப்போனவன்" என்று எழுதி வைத்தனர். வேலையை விட்டு ஓடுதல் தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டமே இருந்த காலம் அது. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் ஒழிந்தது. இலங்கையில் தொழிலாளியின் கடனைப் பொறித்து அவனை விலைபேசிய "துண்டு" முறை 1921இல் ஒழிந்தது. சட்டங்கள் ஒழிந்தன. "ஓடிப்போனவன்" என்ற சொல்லின் நாற்றம் மட்டும் நம் நாவை விட்டு இன்னும் ஒழியவில்லை.

காற்பந்தும் இதே வழியில் நடந்து வந்ததுதான் என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும். அவர்கள் விடியவிடியக் கண்விழித்துப் பார்க்கும் இங்கிலாந்துக் காற்பந்தில், 1961 வரை ஓர் ஆட்டக்காரர் வாரத்திற்கு 20 பவுனுக்கு மேற் பெறக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் கழகம் விரும்பினால் அவரைப் போகவிடாமல் நிறுத்தி வைக்கலாம் என்ற விதியும் இருந்தது. ஜார்ஜ் ஈஸ்தம் என்ற ஆட்டக்காரர் வழக்காடி, அவ்விதி நியாயமற்றது என்ற தீர்ப்பை 1963இற் பெற்றார். பெல்ஜிய நாட்டு ஜான் மார்க் போஸ்மன் வழக்காடிய பின்னரே, 1995 டிசம்பரில், ஒப்பந்தம் முடிந்தவர் பணம் எதுவும் கட்டாமல் வேறு கழகம் செல்லலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் விதித்தது. தொழிலாளி தன் கால்களுக்குத் தானே உடையவன் என்ற எளிய உண்மையை நிலைநாட்டத் தோட்டத்திலும் ஆட்டக்களத்திலும் இத்தனை ஆண்டுகள் பிடித்தன. அவ்வுண்மையைத் தம் பாட்டன் வாழ்விற் கண்டவர், ஆட்டக்காரர்க்கு மட்டும் அதை மறுப்பது முறையாகுமா?

அப்படியானால் ஆட்டக்காரர்க்கு நன்றிக்கடன் எதுவுமே இல்லையா? உண்டு. வெறுங்காலுடன் ஓடிய பிள்ளையைக் கண்டு காலணி வாங்கிக் கொடுத்த ஆசிரியர்க்கு உண்டு. பால்மரக் காட்டின் ஓரத்தில் இரண்டு கொம்புகளை நட்டுக் கோல் கம்பமாக்கிய திடலுக்கு உண்டு. மழையில் நனைந்து கொண்டே பெயர் சொல்லிக் கூவிய மக்களுக்கு உண்டு. அது கைம்மாறு கருதாத உதவி. அக்கடனை அவர் என்றேனும் திரும்பி வந்து சிறுவர்க்குப் பயிற்சி அளித்துத் தீர்க்கலாம். ஊரின் பெயரை இழிவுபடுத்தாமல் நடந்து தீர்க்கலாம். சம்பளம் கொடாத நிர்வாகத்திற்கு மாதக்கணக்காய் இலவசமாக உழைத்துத் தீர்க்க வேண்டும் என்பது மட்டும் எந்த அறநூலிலும் இல்லை.

பணப்பேய்

அடுத்த சொல்லுக்கு வருவோம். "அக்காலத்தில் மொக்தார் டஹாரி பணத்திற்கா ஆடினார்? சிலாங்கூரை விட்டு எங்கே போனார்? ஆறுமுகம் பணத்திற்கா கோல் காத்தார்?" என்று மூத்தவர் கேட்கின்றனர். கேள்வி அழகியது, ஆனால் பாதிக் கேள்வி. அவர்கள் ஆடிய காலத்தில் நம் நாட்டுக் காற்பந்து தொழிலாகவில்லை. ஆட்டக்காரர்க்குப் பிழைப்பு வேறிடத்தில் இருந்தது. அலுவலகத்தில் நாற்காலி ஒன்று காத்திருந்தது. மாலையில் ஆடினார், மாதச் சம்பளம் தடையின்றி வந்தது. 1989இல் அரைத்தொழில்முறை லீக்கும் 1994இல் முழுத்தொழில்முறை லீக்கும் வந்தன. அன்றுமுதல் அந்த நாற்காலி எடுக்கப்பட்டுவிட்டது. ஆட்டமே பிழைப்பாயிற்று. நாற்காலியை எடுத்துவிட்டு, நாற்காலி இருந்த காலத்துப் பற்றற்ற தன்மையை மட்டும் கேட்பது நேர்மையன்று.

ஆட்டக்காரரின் உழைப்புக் காலமோ மிகச் சிறியது. ஆலைத் தொழிலாளி அறுபது வயது வரை உழைக்கலாம். ஆட்டக்காரர் முப்பத்தைந்தைத் தாண்டினால் முதியவர். ஒரு முழங்கால் முறிவு போதும், இருபத்து நான்கு வயதிலேயே அவர் பழைய கதையாகிவிடுவார். அப்பொழுது கழகம் அவரை "எங்கள் பிள்ளை" என்று வைத்துக் காப்பாற்றுகிறதா? ஒப்பந்தம் முடிந்தது, போய் வருக என்கிறது. அன்று ஒருவரும் கழகத்தைத் துரோகி என்று கூறக் கேட்டிலோம். விசுவாசம் இருவழிப் பாதையாக இருந்தால் அறம். ஒருவழிப் பாதையாக இருந்தால் அடிமைத்தனம்.

சட்டம் கூறுவதையும் பார்ப்போம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி சம்பளக் காலம் முடிந்து ஏழு நாட்களுக்குள் தொழிலாளிக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். இதைக் கூலிமில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் நன்கறிவர். எட்டாம் நாள் சம்பளம் வராவிடில் ஒன்பதாம் நாள் அவர்கள் முகம் எப்படியிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. உலகக் காற்பந்து அமைப்பாகிய ஃபிஃபாவின் விதியோ இதைவிடப் பொறுமையானது. இரண்டு மாதச் சம்பளம் கொடாமல் நின்றால், ஆட்டக்காரர் எழுத்தில் அறிவித்து, பதினைந்து நாள் தவணை கொடுத்து, அதன் பின்னும் வராவிடில் நியாயமான காரணத்துடன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்கிறது. இரண்டு மாதம் பட்டினி கிடந்து, பதினைந்து நாள் தவணையும் கொடுத்து, பின் வெளியேறுகிறவரைப் பணப்பேய் என்பவர், தம் வீட்டுச் சமையலறையில் ஒரு மாதமேனும் அந்தப் பற்றற்ற தன்மையைப் பழகிப் பார்க்கட்டும்.

இரசிகர்க்கு ஜோகூர் டாருல் தாசிம் அணியின் மேல் ஓர் எரிச்சல் உண்டு. 2014 முதல் 2024-25 வரை பதினொரு பருவங்கள் தொடர்ந்து லீக் பட்டத்தை வென்ற அணி அது. ஏனைய மாநிலங்களில் தலையெடுத்த ஆட்டக்காரரைப் பணத்தாற் கவர்கிறது என்பது குற்றச்சாட்டு. ஒரே அணி ஓயாது வெல்வது ஆட்டத்திற்கு நலமா என்பது நல்ல கேள்விதான். அதை லீக்கை நடத்துவோரிடம் கேட்க வேண்டும். ஆனால் சம்பளம் தவறாமல் வரும் இடத்தைத் தேடிச் செல்பவரிடம் அதைக் கேட்பதில் என்ன பயன்? தோட்டத்தை விட்டு ஆலைக்கு வந்தோமே நாம், எதைத் தேடி வந்தோம்?

துரோகி

மூன்றாம் சொல்லே கொடியது. இச்சொல்லின் அடியில் நிற்பது கர்ணன் கதை. துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்தான். அந்தச் செஞ்சோற்றுக்கடனுக்காகக் கர்ணன் தன் உடன்பிறந்தார் யாவர் என்று அறிந்த பின்னும் அவன் பக்கமே நின்று மாண்டான். தெருக்கூத்திலும் திரைப்படத்திலும் நம்மவர் கண்ணீர் வடித்த கதை இது. கர்ணனின் உறுதியை நாம் குறைகூறவில்லை. ஆனால் அக்கதை ஒரு கேள்வியைக் கேளாமல் விடுகிறது: சோறிட்டவன் செய்வது நியாயமா என்பதே அக்கேள்வி. சோறிட்ட ஒரே காரணத்தால் அநியாயத்திற்கும் துணை நிற்க வேண்டும் என்பதை அறமாகக் கொண்டால், உலகத்தில் எந்த முதலாளிக்கும் எந்தக் குறையும் சொல்ல இயலாது. ஆள்பவருக்கு மிக வசதியான அறம் அது.

தமிழர்க்கு அதனினும் பழைய, அதனினும் நேரிய மரபு ஒன்று உண்டு. அதை நம் இரசிகர் மறந்துவிட்டனர். புறநானூற்றுப் புலவரைப் பாருங்கள். அவர் பாட்டைத் தொழிலாகக் கொண்டவர். பரிசில் பெற்று வாழ்ந்தவர். ஊர் ஊராகச் சென்றவர். இன்றைய மொழியிற் சொன்னால் தொழில்முறைக் கலைஞர். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் கொடாது காலம் நீட்டித்தபோது ஔவையார் வாயிற்காவலனை நோக்கிப் பாடினார். தொழில் தெரிந்த தச்சன் பிள்ளைக்குக் காடெல்லாம் வேலை இருப்பதுபோல் எமக்கும் எத்திசையிலும் சோறுண்டு, நாங்கள் போகிறோம் என்பது அப்பாட்டின் கருத்து. பெருஞ்சித்திரனார், தம்மை நேரிற் காணாமல் அதே அதியமான் அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார். இளவெளிமான் தகுதியறியாது சிறிது கொடுத்தபோது அதை விட்டுக் குமணனிடம் சென்றார். அவன் கொடுத்த யானையைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல் மரத்திற் கட்டிக் காட்டினார். இவர்களை இரண்டாயிரம் ஆண்டாக ஒரு தமிழரும் துரோகி என்று கூறவில்லை. தம் தொழிலின் மதிப்பை அறிந்தவர் என்றே போற்றுகிறோம்.

இன்னும் ஒன்று. "போகிறோம்" என்று பாடிய அதே ஔவையார்தாம் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார். பல நாள் சென்றாலும் முதல் நாள் போலவே வரவேற்பவன், அவன் பரிசில் தாமதித்தாலும் தவறாது என்று அவனைப் பாடினார். அவன் போரில் மாண்டபோது, அவனோடு பாட்டுலகமே மாண்டது போலக் கதறினார். எப்பாட்டு முந்தியது, எப்பாட்டு பிந்தியது என்பது இங்கே வேண்டுவதில்லை. விலகிச் செல்லும் உரிமையும் உயிருள்ளவரை நீங்காத பற்றும் ஒரே நெஞ்சில் வாழ முடியும் என்பதே நாம் கொள்ள வேண்டுவது. போக உரிமையுள்ளவர் தங்குவதற்குத்தான் விசுவாசம் என்று பெயர். போக வழியில்லாதவர் தங்குவதற்கு வேறு பெயர்.

உலகிலும் இதற்குச் சான்று காணலாம். உரோமாபுரி அணியைத் தவிர வேறெதிலும் ஆடாமல் 2017இல் ஓய்வு பெற்ற பிரான்செஸ்கோ டோட்டியை இரசிகர் விசுவாசத்தின் இலக்கணமாகக் காட்டுவர். உண்மைதான், ஆனால் அவ்வணி அவர்க்கு ஊதியமும் தந்தது, மதிப்பும் தந்தது. பார்சலோனாவில் சிறுவயது முதல் வளர்ந்த லயனல் மெஸ்ஸி அங்கேயே தங்க விரும்பியும், கழகத்தின் நிதிநிலை விதிக்குள் அடங்காமையால் 2021இல் கண்ணீரோடு பாரிசுக்குச் செல்ல நேர்ந்தது. உலகின் முதன்மை ஆட்டக்காரரின் பற்றாலும் ஒரு கணக்கேட்டின் ஓட்டையை அடைக்க இயலவில்லை.

அப்படியென்றால் துரோகம் என்பதே இல்லையா? இருக்கிறது, அதன் முகவரி வேறு. 1994ஆம் ஆண்டை மூத்த இரசிகர் மறந்திரார். சூதாடிகளிடம் கைக்கூலி வாங்கி ஆட்டத்தை விற்ற வழக்கில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர் விசாரிக்கப்பட்டனர், பலர் விலக்கப்பட்டனர். அவர்களில் அணி மாறாது அதே சட்டையோடு நின்றவரும் இருந்திருப்பர். சட்டை மாறவில்லை, நெஞ்சு விலை போயிற்று. அதுவே துரோகம். அடுத்த பருவத்திற்கு வேறிடத்தில் ஒப்பந்தம் போட்டுவிட்டு, இருக்கும் அணிக்கு எஞ்சிய ஆட்டங்களில் அரைக்காலில் ஓடுபவர் செய்வதும் சிறு துரோகமே. தொழில்முறை என்ற சொல்லுக்குப் பணம் வாங்குவது என்று மட்டும் பொருளன்று; பணம் வாங்கிய கடைசி நாள் வரை முழுமையாக உழைப்பது என்றும் பொருள். ஆட்டக்காரரும் இதை நெஞ்சில் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

மற்றொரு துரோகத்தையும் கூற வேண்டும். கொடுக்க முடியாத சம்பளத்திற்குக் கையெழுத்திட்டு, பருவத் தொடக்கத்தில் மாலை சூடிப் படம் எடுத்துக்கொண்டு, பருவ நடுவில் தொலைபேசியை அணைத்துவிடும் நிர்வாகிகள் செய்வது யாது? அவர்கள் ஒரே சமயத்தில் இருவரை ஏமாற்றுகின்றனர்: ஆடியவரையும், பார்த்தவரையும். ஆனால் நம் தேநீர்க்கடை நீதிமன்றத்தில் அவர்கள் பெயர் கூப்பிடப்படுவதேயில்லை. பதினொருவர் முகம் திடலிலே தெரிகிறது. ஆதலால் வசையும் அவர்களையே சேர்கிறது. கணக்கேடு அறைக்குள் இருக்கிறது, ஆதலால் தப்பிவிடுகிறது. கிராணியைத் திட்டிவிட்டுக் கம்பெனியை மறந்த பழைய தோட்டத்துப் பழக்கமே இதுவும்.

நம் வீட்டுக் கதை

இதை அயலார் கதையாக எண்ணற்க. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி 2017இல் பிரிமியர் லீக்கில் ஏறியபோது நம்மவர் எவ்வளவு பெருமை கொண்டனர்! தமிழ்ப்பள்ளித் திடல்களிலிருந்து நாட்டின் மேல்தட்டுக்கு ஒரு வழி திறந்ததென்று மகிழ்ந்தோம். 2019இல் அவ்வணி பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயருடன் சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவம் முடிந்தபின் லீக்கை விட்டு விலகியது. அதன் ஆட்டக்காரர் வேறு வேறு அணிகளை நாடிச் சென்றனர். அவர்கள் விசுவாசமாய் எங்கே நின்றிருக்க வேண்டும்? இல்லாத அணியின் வாயிலிலா? அன்று அவர்களை நாம் துரோகி என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வேலை கிடைத்ததே என்று ஆறுதல் அடைந்தோம். நம் பிள்ளைக்குக் காட்டிய அந்த நியாயத்தை ஊரார் பிள்ளைக்கும் காட்டுவதுதானே நடுவுநிலைமை?

இரசிகர் செய்யத்தக்கது

விசுவாசமே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. கெடாத் தோட்டத் தமிழர்க்கு விசுவாசத்தைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1946இல் பீடோங் ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தொடங்கிய தொண்டர் படையிற் சேர்ந்தவர், துரைக்கு விசுவாசமாக அன்று, ஒருவர்க்கொருவர் விசுவாசமாக நின்றனர். மேலே நோக்கிக் கைகட்டுவது ஒன்று. பக்கத்தில் நிற்பவர் தோளைப் பற்றுவது வேறொன்று. இரசிகரின் அன்பும் இந்த இரண்டாம் வகையாக மாற வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அஃது எவ்வாறு? ஜெர்மனி நாட்டில் காற்பந்துக் கழகத்தின் வாக்குரிமையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு உறுப்பினரிடமே இருக்க வேண்டும் என்று பொதுவிதி உண்டு. அங்கே சந்தா கட்டும் இரசிகர் கணக்கைக் கேட்கலாம். இங்கே மாநிலச் சங்கங்களின் கையிலிருந்த அணிகள் கம்பெனிகளாக மாறின. நம் இரசிகர் கைதட்டும் உரிமையோடு நின்றுவிட்டார். அணியின் தோல்விக்கு அழுபவர்க்கு அதன் வரவுசெலவைப் பார்க்கும் உரிமை வேண்டாமா? பருவம் தொடங்குமுன், "யாரை வாங்கினீர்கள்?" என்று கேட்பதற்கு முன்னால், "சென்ற பருவத்துச் சம்பளம் முழுவதும் கொடுத்தாயிற்றா?" என்று ஆயிரம் பேர் கூடிக் கேட்டால், கொடாமல் ஏய்ப்பது அத்தனை எளிதாகாது. ஆட்டக்காரர் சம்பளத்திற்காகக் குரல் கொடுக்கும் தொழில்முறைக் காற்பந்தாட்டக்காரர் சங்கம் நாட்டில் இருக்கிறது. அது பேசும்போது இரசிகர் எதிரே நின்று வசைபாடாமல் அருகே நிற்பாராக. தொழிற்சங்கத்தின் அருமை தெரிந்த மக்களுக்கு இது புதிய பாடமன்று.

மீண்டும் அந்தத் தேநீர்க்கடைக்கே வருவோம். அங்கிருக்கும் இளைஞர் நாளை வேறு ஆலைக்குப் போகலாம். இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் நான்கு வாரமும், ஐந்தாண்டுக்குக் குறைவானவர் ஆறு வாரமும், அதற்கு மேற்பட்டவர் எட்டு வாரமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று வேலைச் சட்டம் பொதுமுறையாக வகுத்திருக்கிறது. அறிவிப்புக் கொடுத்து, கடைசி நாள் வரை பிழையின்றி வேலை செய்து, தமக்குப்பின் வருபவர்க்கு இயந்திரத்தின் குணத்தைச் சொல்லிக் கொடுத்து, உடன் உழைத்தவரிடம் கைகுலுக்கி வெளியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை நாம் நல்ல தொழிலாளி என்போம். அவர் போனபின்னும் அந்த ஆலையில் அவர் பெயரை அன்போடு சொல்வர். ஆட்டக்காரரிடம் நாம் கேட்க வேண்டுவதும் இவ்வளவே. ஒருவர் போனாரா, இருந்தாரா என்று மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதாமல், இருந்தவரை எப்படி உழைத்தார், போகும்போது எப்படிப் போனார், போனவர்க்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்களா என்ற மூன்றையும் பார்ப்போம். நன்றி கெட்டவன், பணப்பேய், துரோகி என்ற மூன்று சொற்களுக்குப் பதிலாக இம்மூன்று கேள்விகளை நம் நாவிற் பழக்குவோமானால், ஆட்டக்காரர்க்கு நியாயம் கிடைக்கும்; அதைவிட, நாமும் நம் உழைப்பின் மதிப்பைச் சரிவர அறிந்தவராவோம்.